மதிய மணி அடித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன்

"மனம் அலைபாயாமல், இந்த நேரத்தில் ஆண்டவரோடு இருக்கத் தினமும் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர்ப் பக்கம். கணவருக்கு ஆழ்கடல் தொழில். கொச்சியில் போட் ஏறினால் திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோதும் கடலில்தான் இருந்தார். எட்டாவது நாள் கரை சேர்ந்தார். திரும்பி வராதவர்களின் வீடுகள் எங்களைச் சுற்றி இருக்கின்றன. அதற்கப்புறம் தென்னை ஓலை கொஞ்சம் வேகமாக ஆடினாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். செபமாலை கையில் உருளும், மனது வானிலைச் செய்தியில் கிடக்கும்.

செபத்தைக் கூட்டிப் பார்த்தேன். நள்ளிரவு வரை முழங்கால், தினமும் பைபிளில் ஐந்து அதிகாரம். பயம் இன்னும் கூடியது. என்னை நிறுத்தி வைத்தது கோவில் மணிதான்.

காலை 6, மதியம் 12, மாலை 6 மணிக்குக் கோவில் மணி அடித்ததும், வானதூதர் மரியாளிடம் சேதி சொன்னதை நினைத்துச் சொல்லும் மூவேளை செபம் சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான். மும்மூன்றாக மூன்று தடவை அடித்து, பிறகு விடாமல் அடிப்பார்கள். மதிய மணிக்கு அநேகமாக மீன் வெட்டிக்கொண்டிருப்பேன். கத்தியை வைத்துவிட்டு, செதிள் ஒட்டிய கையோடே எழுந்து நிற்பேன். கை கழுவப் போனால் வேறு வேலை பிடித்துக்கொள்ளும். "இதோ ஆண்டவருடைய அடிமை" என்று மரியாள் தூதருக்குப் பதில் சொல்லும் இடத்தில் ஒரு மூச்சு நிறுத்துவேன். அடுப்பில் புளி கொதிக்கும் சத்தம் கேட்கும், காலுக்கடியில் தரை சில்லென்று இருக்கும். மரியாளிடமும் தூதர் வீட்டுக்குள்தானே வந்தார் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இரவில் ஆன்ம சோதனை. அன்றைய நாளை ஆண்டவர் முன் திரும்பிப் பார்ப்பது. இது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்தது. 1544-இல் நம் கரைக்கு வந்த சவேரியார் அவருடைய தோழர்தான். பிள்ளைகள் தூங்கியதும் பாயில் உட்கார்ந்து முதலில் நன்றி சொல்வேன். "இன்றைக்குச் சாளை மலிவாகக் கிடைத்தது" என்பதும் நன்றிதான். அப்புறம் எந்த இடத்தில் ஆண்டவரை மறந்து கத்தினேன் என்று பார்ப்பேன், மன்னிப்புக் கேட்பேன். பயம் எட்டிப்பார்த்தால் மத்தேயு 6:34: "அந்தந்த நாளுக்கு அன்றன்றுள்ள தொல்லையே போதும்." அதோடு படுத்துவிடுவேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் மதிய மணி ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மணி கேட்காத ஊர் என்றால் போனில் 12-க்கு அலாரம் வைத்தால் சரி. என் கணவர் போட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறார். தூண்டில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தால் இழுத்தபடியே சொல்வாராம். நான் அடுக்களையில் நின்று சொல்லும்போது அவரும் அங்கே சொல்லிக்கொண்டிருப்பார்.