கால்பந்தும் ராணுவமும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் வளரும் இளம் கால்பந்து ஆட்டக்காரர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில், ராணுவச் சேவை பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

மகன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். கிளப் அணியில் நடுக்களம் ஆடுகிறான். வெஸ்ட் பாயிண்ட் (தரைப்படை அகாடமி) கோச் அழைக்கிறார். அங்கே பட்டம் வாங்கியதும் எம்.எல்.எஸ். (அமெரிக்காவின் முதல்நிலைத் தொழில்முறை லீக்) அணிக்குப் போக முடியுமா? (ஒரு தாய், டெக்சாஸ்)

அதை நம்பிச் சேர்க்காதீர்கள் அம்மா. வெஸ்ட் பாயிண்ட், அனாபொலிஸ் கடற்படை அகாடமி, கொலராடோ ஸ்பிரிங்ஸ் விமானப்படை அகாடமி மூன்றிலுமே படிப்புக்குக் கட்டணம் இல்லை. அதற்கு ஈடாகக் குறைந்தது ஐந்தாண்டு முழுநேரப் பணி செய்ய வேண்டும். மொத்தக் கடப்பாடு எட்டாண்டு; மீதி ரிசர்வில் (தேவைப்படும்போது அழைக்கப்படும் படை) கழியும். இருபத்திரண்டில் பட்டம் என்றால் முழுநேரப் பணி முடிய இருபத்தேழு ஆகிவிடும். ஆட்டக்காரர்கள் முதல் ஒப்பந்தத்திலிருந்து இரண்டாவதற்கு ஏறுகிற வயது அதுதான்.

முன்பு போனவர்கள் உண்டு. கடற்படை அகாடமியின் ஜோசப் கிரீன்ஸ்பனை 2015 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) கொலராடோ ராப்பிட்ஸ் எடுத்தது. வெஸ்ட் பாயிண்டின் ஸாக் மக்ராவை 2020இல் போர்ட்லண்ட் டிம்பர்ஸ் எடுத்தது. அவர் அங்கே நடு பின்களத்தில் நிலைத்து ஆடினார். ஆனால் விதி ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2017இல் பாதுகாப்புத் துறை, முதலில் இரண்டாண்டு பணி என்று இறுக்கியது. 2019இல் பணியைத் தள்ளிவைத்து ஆட வழி திறந்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் அதை மறுபடி ஒடுக்கி, 2021 ஜூனுக்கு முன் அகாடமியில் சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. உங்கள் மகன் பட்டம் வாங்கும் ஆண்டில் என்ன விதி இருக்கும் என்று இன்று எந்தக் கோச்சும் உறுதி தர முடியாது. தந்தால் எழுத்தில் கேளுங்கள்.

ஒரு தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கும் நாள். அதற்கு முன் கடப்பாடின்றி விலகி வேறு கல்லூரியில் ஆடலாம். அதற்குப் பின் விலகினால் சிப்பாயாகப் பணி செய்யவோ படிப்புச் செலவைத் திருப்பிக் கட்டவோ நேரும்.

கோச் அழைத்துவிட்டால் இடம் உறுதி என்பதும் தவறு. நாடாளுமன்ற உறுப்பினர் அல்லது செனட்டரின் பரிந்துரை ஆட்டக்காரருக்கும் வேண்டும். பதினோராம் வகுப்பின் வசந்தத்திலேயே அந்த அலுவலகங்களுக்கு எழுதத் தொடங்குங்கள். மருத்துவத் தேர்வில் ஆட்டக்காரர்கள் சிக்குவது பெரும்பாலும் முழங்கால் அறுவை, தலைக்காயம், 13 வயதுக்குப் பிறகும் நீடித்த ஆஸ்துமா ஆகியவற்றில். அறுவை அறிக்கை, ஸ்கேன், பிசியோ குறிப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே திரட்டி வையுங்கள். மறைத்துச் சேர்ந்து பிறகு வெளிப்பட்டால் நிலைமை மோசமாகும்.

எங்கள் கருத்து: அதிகாரி வேலை முதல் ஆசை, கால்பந்து இரண்டாவது என்றால் அகாடமி அருமையான இடம். வரிசை மாறினால் வேண்டாம்.

எங்களிடம் கிரீன் கார்டுதான். மகள் கல்லூரியில் ஆடிக்கொண்டே ராணுவத்தில் சேரலாமா? (ஒரு தந்தை, நியூ ஜெர்சி)

சிப்பாயாகச் சேரலாம். அதிகாரியாக நியமனம் (கமிஷன்) பெறக் குடியுரிமை கட்டாயம், அகாடமிகளுக்கும் அப்படியே. பாதுகாப்பு அனுமதி கேட்கும் பணிப்பிரிவுகளும் குடியுரிமை வரும்வரை மூடியிருக்கும். ராணுவச் சேவையைக் காட்டிக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தனி வழி இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் எட்டாண்டுக் கடப்பாட்டில் கையெழுத்திடுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

நேஷனல் கார்டில் (மாநிலங்களின் பகுதிநேரப் படை) சேர்ந்தால் மாதம் ஒரு வார இறுதிதான் என்கிறார்கள். எனக்கு 17 வயது. அடுத்த ஆண்டு கல்லூரி அணியில் இடம் இருக்கிறது. ஆட்டம் பாதிக்குமா?

மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்பது பயிற்சி முடிந்த பிறகு வரும் கணக்கு. தம்பி, முதலில் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது: தரைப்படைக்குப் பத்து வாரம். அதன் பின் பணிப்பிரிவுப் பயிற்சி. காலாட்படைக்கு இரண்டும் சேர்ந்து 22 வாரம். மருத்துவ உதவியாளருக்கு அடிப்படைக்கு மேல் 16 வாரம். கல்லூரி அணியின் முன்பயிற்சி ஆகஸ்ட் முதல் வாரங்களில் தொடங்கிவிடும். ஜூன் தொடக்கத்தில் கிளம்பினால் பத்து வாரம் முடியும்போது ஆகஸ்ட் நடுப்பகுதி. முதல் பருவம் அங்கேயே சறுக்கும். பெரும்பாலான இளைஞர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

உங்கள் வயதுக்குப் பொருந்தும் வழி பிளவுப் பயிற்சி. பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் அடிப்படைப் பயிற்சி, பள்ளி முடிந்த பின் பணிப்பிரிவுப் பயிற்சி. பெற்றோர் கையெழுத்து வேண்டும். அந்தக் கோடை தாண்டிவிட்டது என்றால், முதல் கல்லூரிப் பருவத்தை ஆடி முடித்து, டிசம்பருக்குப் பிறகு ஒரு செமஸ்டரை விட்டுப் போவது மேல். கோச்சிடமும் உதவித்தொகை அலுவலகத்திடமும் அதை முன்பே பேசி, இடம் காத்திருக்கும் என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். முழுநேரச் சேவையில் கழியும் காலம், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஐந்தாண்டுக் கணக்கில் (கல்லூரியில் ஆடத் தகுதியுள்ள காலம்) சேராது. ஆணைக் கடிதங்களின் நகலைத் தகுதி அலுவலரிடம் கொடுத்து வையுங்கள்.

பணிப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது ஆள்சேர்ப்பவர் சேர்வதற்குத் தரும் ஊக்கத்தொகையைப் பற்றிப் பேசுவார். நீங்கள் பயிற்சி எத்தனை வாரம், எந்த மாதம் தொடங்குகிறது என்று கேளுங்கள். கையெழுத்திட்ட பின்னும், பயிற்சிக்குக் கிளம்பும் நாளுக்கு முன் மனம் மாறினால், தாமதச் சேர்க்கைப் பட்டியலில் (முழுநேரப் படைக்குக் கையெழுத்திட்டுக் கிளம்பக் காத்திருப்போர்) இருப்பவர் எழுதிக் கொடுத்து விலகலாம். நேஷனல் கார்டில் சேர்ந்தவருக்கு நடைமுறை வேறு. அதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கல்லூரியில் ஆர்.ஓ.டி.சி. (படிக்கும்போதே அதிகாரியாகப் பயிற்றுவிக்கும் திட்டம்) இருந்தால், நேஷனல் கார்டிலும் அதிலும் ஒருசேர இருக்கலாம். அப்படி இருக்கும் கேடட்டை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப மாட்டார்கள். நான்கு ஆண்டும் இடைவெளியில்லாமல் ஆட நினைப்பவருக்கு இது பெரிய பாதுகாப்பு. மூன்றாம் ஆண்டு முடிந்த கோடையில் ஃபோர்ட் நாக்ஸ் ராணுவத் தளத்தில் ஆர்.ஓ.டி.சி. முகாம் ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும். அந்தக் கோடையில் லீக் டூ (கல்லூரி ஆட்டக்காரர்கள் ஆடும் கோடைக்கால லீக்) அணியில் ஆடும் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

யு.எஸ்.எல். (எம்.எல்.எஸ்.ஸுக்குக் கீழ்நிலைத் தொழில்முறை லீக்) அணியில் ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. ராணுவ ரிசர்விலும் இருக்கிறேன். டிரில் (மாதப் பயிற்சி) வார இறுதியில் ஆட்டம் வந்தால்?

ரிசர்வ் பிரிவுகள் அக்டோபர் முதல் செப்டம்பர் வரைக்கான டிரில் தேதிகளை முன்கூட்டியே வெளியிடும். லீக் அட்டவணை வந்த அன்றே இரண்டையும் பக்கத்தில் வைத்து மோதும் தேதிகளைக் குறியுங்கள். பிரிவின் சார்ஜெண்டிடம் எழுத்தில், மாற்று நாளையும் நீங்களே குறிப்பிட்டு, ஈடுகட்டும் பயிற்சி கேளுங்கள். எல்லா மோதலுக்கும் கேட்காதீர்கள். முக்கியமான இரண்டு மூன்று ஆட்டங்களுக்குக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சுடுதள வாரத்துக்குக் கேட்கவே வேண்டாம். அனுமதியின்றி வராமல் இருப்பது பதவியையும் சம்பளத்தையும் அடிக்கும்.

கிளப்பின் பக்கம், ராணுவப் பணிக்குப் போவோரின் வேலையைக் காக்கும் 1994ஆம் ஆண்டு யூசெரா சட்டம் உங்களைக் காக்கிறது. ராணுவப் பணிக்காகக் கிளப் உங்களை நீக்க முடியாது. முன்னறிவிப்பு தர வேண்டியது உங்கள் கடமை. 31 நாளுக்குக் குறைவான பணி என்றால் அடுத்த வேலை நாளிலேயே திரும்ப வேண்டும். 31 முதல் 180 நாள் வரை என்றால் 14 நாளுக்குள், அதற்கு மேல் என்றால் 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே முதலாளியிடம் மொத்தம் ஐந்தாண்டு வரை இந்தப் பாதுகாப்பு. மாத டிரில் அதில் சேராது. ஆனால் குறுகிய, புதுப்பிக்கப்படும் என்று எதிர்பார்க்க இடமில்லாத ஒப்பந்தத்துக்கு இது முழுதாகப் பொருந்தாமல் போகலாம். முதல் பதினொருவரில் இடத்தையும் எந்தச் சட்டமும் வாங்கித் தராது. ஆகவே ஒப்பந்தத்திலேயே டிரில் தேதிகளையும் ஆண்டின் இரண்டு வாரத்தையும் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடிப்படைப் பயிற்சி முடிந்து வந்தேன். ஓடத் தெம்பு இருக்கிறது, ஆனால் வேகம் போய்விட்டது. காலும் வலிக்கிறது.

பத்து வாரம் பூட்ஸ், சுமை நடை, மெதுவான ஓட்டம். முழு வேக ஓட்டமும் பந்தும் இல்லை. தாங்குசக்தி நிற்கும், சட்டென்று பாயும் வேகம் போகும். தொடைப் பின்தசை அந்த இடைவெளியில்தான் பலவீனமாகிறது. திரும்பிய முதல் வாரமே முழு வேகத்தில் ஓடினால் அது கிழிய இடமுண்டு.

முதலில் வலி. கீழ்க்கால் எலும்பின் முன்புறத்திலோ பாதத்திலோ விரல் நுனியளவு இடத்தில் அழுத்தினால் வலித்து, ஓடும்போது கூடி, இரவிலும் இருந்தால் அது எலும்பு நுண்முறிவாக இருக்கலாம். ஓடுவதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சாதாரணம்; எம்.ஆர்.ஐ. கேளுங்கள். இரும்புச்சத்து, வைட்டமின் டி பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். பயிற்சியில் மாதவிடாய் நின்றுபோன பெண்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சாப்பாடு உழைப்புக்குப் போதவில்லை என்பதன் அடையாளம் அது.

எலும்பில் குறை இல்லையென்றால் ஆறு வாரம் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் 60 மீட்டர் ஓட்டங்கள் எழுபது விழுக்காட்டு வேகத்தில், வாரத்துக்கு இரண்டு நாள், கூடவே தினமும் பந்து. மண்டியிட்டு உடலை முன்னே சாய்த்து இறக்கும் நார்டிக் பயிற்சியைச் செட்டுக்கு ஐந்து வீதம் இரண்டு செட்டில் தொடங்குங்கள். மூன்றாம், நான்காம் வாரம் வேகத்தை எண்பத்தைந்துக்கு ஏற்றி, திரும்புதல்களைச் சேருங்கள். ஐந்தாம் வாரம்தான் முழு வேகம், அதுவும் நாலைந்து ஓட்டம் போதும். ஆட்டத்தில் 30 நிமிடம், பிறகு 45, பிறகு 60. கோச் அவசரப்படுத்துவார், இந்த வரிசையை எழுதி அவரிடம் முதல் நாளே கொடுங்கள்.

ராணுவத்திலேயே கால்பந்து அணி இருக்கிறதா?

இருக்கிறது. படைப்பிரிவுகளின் அணிகள் தமக்குள் ஆடும். அதிலிருந்து தேர்ந்த அணி உலக ராணுவப் போட்டிகளுக்குப் போகும். 2022இல் பெண்களுக்கான உலக ராணுவக் கால்பந்துப் போட்டி வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேனில் நடந்தது. தேர்வு முகாமுக்கு விண்ணப்பிக்கக் கட்டளை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். சமீபத்திய ஆட்டங்களின் வீடியோவும் ஆடிய அணிகளின் பட்டியலும் கையில் இருக்கட்டும். ஃபோர்ட் கார்சனில் இயங்கும் உலகத்தர வீரர் திட்டம் பெரும்பாலும் மல்யுத்தம், குத்துச்சண்டை, துப்பாக்கி சுடுதல் போன்ற தனிநபர் விளையாட்டுகளுக்கானது. கால்பந்தை நினைத்து அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.