ஓணம் பம்பர் 500 ரூபாய் போட்டு வாங்கலாமா?

பாலக்காட்டுக்கு வேலைக்குப் போய் வருவதாகவும், கேரள அரசின் ஓணம் பம்பர் லாட்டரி வாங்கினால் பரிசு விழ வாய்ப்பு எவ்வளவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்கிற விதத்தைப் பார்த்தால் ஏற்கெனவே ஒன்றிரண்டு வாங்கிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

கணக்கு இதுதான். 2022-ல் ஓணம் பம்பர் 66 லட்சம் டிக்கெட்டுக்கு மேல் விற்றது. முதல் பரிசு 25 கோடி, ஒரே டிக்கெட்டுக்கு. அந்த 25 கோடியை விற்ற டிக்கெட் எல்லாவற்றுக்கும் பங்கு போட்டால் தலைக்கு 37 ரூபாய் சொச்சம். சின்னப் பரிசுகளைச் சேர்த்தாலும் 500 தேறாது. விழுந்தாலும் ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம், மீதியில் வரி 30 சதவீதம் போனால் 15.75 கோடி. வரிக்கு மேல் வரியான சர்சார்ஜ், செஸ் தனி. 2023-ல் எல்லையிலிருக்கும் வாளையாரில் வாங்கிய டிக்கெட்டில் நம்ம தமிழ்நாட்டு ஆட்களுக்கே விழுந்ததே என்பீர்கள். விழுந்தது, மறுக்கவில்லை.

நான் ஒழுக்கம் பேச வரவில்லை. என் அப்பா சோமனூரில் தறி ஓட்டினார். சனிக்கிழமை கூலி வாங்கினால் நேராக பஸ் ஸ்டாண்ட் லாட்டரிக் கடைதான். மறுநாள் ரிசல்ட் பேப்பரைத் திண்ணையில் விரித்து, கடைசி நம்பரிலிருந்து பின்னோக்கி விரலை நகர்த்துவார். புருவத்தில் பஞ்சுத் தூசி அப்படியே இருக்கும். மூன்று நம்பர் ஒத்து வந்துவிட்டால் யாரும் பேசக்கூடாது. நாலாவது நம்பர் வந்ததே இல்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனதே எங்களுக்கு அவர் காதைப் பார்த்துத்தான் தெரியும்.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். அந்த வாரச் சனிக்கிழமை அப்பா கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்து, "எண்ணிப் பாத்துக்க" என்றார். கடை இல்லாததால் நின்றது, அவராக நிறுத்தவில்லை. அதை அவரே சொல்வார். ஐப்பசிக்குள் தோடு திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அப்பாவைச் சொந்தக்காரர்கள் கடைசிவரை "சூதாடி" என்றுதான் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களில் ஒருவரான பெரியப்பா ஈமு கோழி வளர்ப்புத் திட்டத்தில் ஒன்றரை லட்சம் போட்டார். 2012-ல் அந்த ஈமு கம்பெனிகள் கவிழ்ந்ததும் எல்லாம் போனது. அவரை மட்டும் "பாவம், ஏமாந்துட்டார்" என்கிறார்கள். கூலிக்காரன் ஆசைப்பட்டால் சூது, தோட்டம் வைத்திருப்பவர் ஆசைப்பட்டால் முதலீடா? இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வருஷத்துக்கு ஒரு பம்பர், திரும்பி வராது என்று தெரிந்தே 500 ரூபாய் என்றால் வாங்குங்கள், யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். ஆனால் கேரள ரிசல்ட்டின் கடைசி மூன்று நம்பரை வைத்து நம்ம ஊரில் திருட்டுத்தனமாக எழுதும் சீட்டு இருக்கிறதே, அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள். அது தினமும் கூலியைப் பிடுங்கும். அப்புறம், வாங்கும் டிக்கெட்டை வீட்டில் காட்டிவிடுங்கள். அப்பா சட்டைப் பைக்குள் மடித்து வைத்த டிக்கெட்டுகளை அம்மா துவைக்கும்போதுதான் எடுப்பார்.