கல்யாணத்துக்கு முன்னால் இதெல்லாம் எதற்கு?

கேள்வி: சொந்த ஊர் கம்பம். வயது 33. கொச்சியில் ஐ.டி. வேலை. வரன் எதுவும் அமையவில்லை. என்னோடு வேலை பார்க்கும் மலையாளத் தோழி கருமுட்டையை உறைய வைத்திருக்கிறாள். எனக்கும் அந்த எண்ணம் இருக்கிறது. “கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு அந்த ஆஸ்பத்திரியில் என்ன வேலை?” என்கிறார் அம்மா. என்ன செய்யட்டும் டாக்டரம்மா?

பதில்: தாயி, சட்டத்தில் தடை இல்லை. செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதைத் தாண்டிய, 50-க்கு உட்பட்ட பெண், கல்யாணம் ஆகாவிட்டாலும் இதைச் செய்துகொள்ளலாம். முட்டையை 10 வருடம் வரை வைத்திருக்கலாம். உன் சம்மதக் கையெழுத்து போதும்.

அம்மாவின் பயம் வேறு. ஸ்கேன் எடுப்பதும் முட்டையை ஊசியால் எடுப்பதும் பெரும்பாலும் பிறப்புறுப்பு வழியாகத்தான். கம்பத்தில் என்னிடம் வருகிற தாய்மார்கள் கதவைச் சாத்திவிட்டு இதைத்தான் கேட்பார்கள். ஆமாம், கன்னிச்சவ்வு கிழியலாம். அதற்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நாளை வருகிறவனுக்கு நீ விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் அம்மாவிடம் மறைக்காதே. முட்டை எடுக்கிற அன்று மயக்கம் தெளியும்போது பக்கத்தில் ஆள் வேண்டும்.

முதலில் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்துகொள். முட்டை இருப்பு எவ்வளவு என்று அதில் ஓரளவு தெரியும். தரத்தை முடிவு செய்வது வயதுதான். 35-க்கு மேல் அது வேகமாக இறங்கும். இருப்பு குறைவு என்று வந்தால் தள்ளிப்போடாதே.

முட்டைகள் வளர்வதற்கான ஊசி ஏறக்குறைய 10, 12 நாள் போட வேண்டியிருக்கும், தினமும் ஒரே நேரத்தில். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் சமயமாகப் பார்த்து ஆரம்பித்துவிடாதே. ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டிய மருந்தை ஐஸ் பையில் வைத்துக்கொண்டு குமுளி மலை இறங்குவது பெரும்பாடு.

உறைய வைத்த முட்டை எல்லாமே உருக்கும்போது பிழைப்பதில்லை, பிழைத்ததெல்லாம் கருவாவதும் இல்லை. ஒரு சுற்றில் போதிய முட்டை கிடைக்காமல் மறுபடி ஊசி போட்டுக்கொண்டவர்களும் உண்டு. செலவு சுற்றுக்கு லட்சத்தைத் தாண்டலாம், சேமிப்புக் கட்டணம் தனி. கடன் வாங்கிச் செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

குழந்தை வேண்டும், அதற்கான துணைதான் இன்னும் கிடைக்கவில்லை என்று உன் மனசு சொன்னால் செய், 33 நல்ல வயது. வீட்டில் கல்யாணப் பேச்சை நிறுத்த மட்டும் என்றால் வேண்டாம்.

சரி, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அவர் கேட்க நினைப்பதை என்னிடமே கேட்கட்டும்.