விரல் தவறும்போது வாத்தியார் என்ன செய்கிறார்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. இரண்டு ஆண்டுகளாகப் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அங்கிருந்த கீபோர்டில் அவளாகவே தட்டித் தட்டித் தனக்குத் தெரிந்த ஒரு கீதத்தை வாசித்துவிட்டாள். அன்றிலிருந்து பியானோ கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மையத்தில் பத்துப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துக் கீபோர்டு சொல்லித்தருகிறார்கள். ஒரே வருடத்தில் கிரேடு 3 முடிக்கவைத்துவிடுவோம் என்கிறார்கள். தனியாகச் சொல்லித்தரும் இன்னொருவரோ, வீட்டில் பியானோ இருந்தால்தான் சேர்த்துக்கொள்வேன் என்கிறார். 'ஆறு மாதத்தில் மூலையில் கிடக்கப்போகும் சாமானுக்கு அவ்வளவு பணமா?' என்பது என் கணவரின் கேள்வி. பாட்டு டீச்சர், இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழந்தை குழம்பிவிடும் என்கிறார். யாரிடம் சேர்ப்பது, என்ன வாங்குவது? எனக்கும் கற்றுக்கொள்ள ஆசை. வயது 41. சொன்னால் சிரிப்பீர்களா?
– வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி,

சிரிக்க மாட்டேன். அதைக் கடைசியில் பேசுவோம்.

உங்கள் மகள் செய்தது சின்ன விஷயம் இல்லை. காதில் இருந்த பாட்டை, யாரும் சொல்லித்தராமல், கட்டைகளில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். 26 ஆண்டுகளாகப் பியானோ சொல்லித்தருகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெற்றோரின் ஆசைக்காக வருகிறவர்கள். தானாகத் தேடி வரும் பிள்ளை அபூர்வம். ஆகவே, சேர்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியதே இல்லை. யாரிடம் என்பதுதான் கேள்வி. அதில் அவசரப்படாதீர்கள்.

என் முதல் வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. நன்றாக வாசிப்பார், ஊரில் பெரிய பெயர். கையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் இருக்கும். தப்பான கட்டையில் விரல் பட்டால் அந்த விரல்மீதே ஸ்கேல் விழும். மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டது பாட்டு இல்லை, ஓரக்கண்ணால் ஸ்கேலைப் பார்க்கத்தான் கற்றுக்கொண்டேன். வகுப்பு நாள் வந்தாலே வயிற்று வலி. அப்பா நிறுத்திவிட்டார். இரண்டு வருடம் கழித்து, பக்கத்துத் தெருவில் வயதான டீச்சர் ஒருவரிடம் சேர்த்தார்கள். முதல் நாளே நாலு இடத்தில் தப்பு விட்டேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. முடித்த பிறகு, 'எந்த இடத்துல உனக்கே சரியா இல்லைன்னு பட்டுச்சு?' என்று கேட்டார். நான் விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தில் இருந்த நாலே நாலு ஸ்வரத்தை வலது கையால் மட்டும், மெதுவாக, மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் இடது கை மட்டும். அப்புறம் இரண்டும் சேர்த்து. ஐந்து நிமிடத்தில் தப்பு போய்விட்டது. இன்றைக்கும் என் பிள்ளைகளுக்கு நான் செய்வது அதேதான்.

அதனால் யாரிடம் போனாலும் முதலில் ஒரு சோதனை வகுப்பு கேளுங்கள். நீங்களும் அறைக்குள் உட்காருங்கள். உங்களுக்கு இசை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குழந்தையின் விரல் தவறும் அந்த நொடியில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். முகம் சுளிக்கிறாரா, குழந்தையின் கையைத் தள்ளிவிட்டுத் தானே வாசித்துக் காட்டிவிடுகிறாரா, போனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவே இல்லையா, அல்லது நின்று அந்த இடத்தைச் சின்னதாகப் பிரித்துத் தருகிறாரா? பட்டமும் சான்றிதழும் சொல்லாததை அந்த அரை மணி நேரம் சொல்லிவிடும். பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் வேண்டாம். ஆசிரியர் உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லித்தந்தாலும், உங்கள் கண்ணில் படும் கூடத்தில் வகுப்பு நடக்கட்டும். இதைக் கேட்டு எந்த நல்ல ஆசிரியரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆசிரியரை எங்கே தேடுவது? உங்கள் ஊரில் அது அவ்வளவு சிரமம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எந்தத் தேவாலயத்துக்காவது போய், ஆர்கனோ கீபோர்டோ வாசிப்பவரிடம் பேசிப் பாருங்கள். நம் மாநிலத்தில் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பு) பார்த்து வாசிக்கும் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருவதில் தேவாலயப் பாடகர் குழுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் கற்றுத்தராவிட்டாலும் யார் தருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பொன்மலை ரயில்வே காலனிப் பக்கம் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களிலும் விசாரியுங்கள். பள்ளிகளில் மேற்கத்திய இசை எடுக்கும் ஆசிரியர்கள் மாலையில் தனியாகவும் சொல்லித்தருவது உண்டு. எனக்குத் தெரிந்து நம்பகமான இன்னொரு வழி, பியானோவுக்குச் சுருதி சேர்க்க வரும் ட்யூனர். எந்த வீட்டுப் பியானோ தினமும் வாசிக்கப்படுகிறது, எந்த வீட்டில் வெறும் மேஜையாக நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

தனி ஆசிரியரிடம் கற்பது முறையான படிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இளையராஜாவும் ஏ.ஆர். ரஹ்மானும் சென்னையில் மேற்கத்திய இசை சொல்லித்தந்த தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டவர்கள்தான்.

இப்போது அந்தப் பக்கத்து மையம். பத்துப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துச் சொல்லித்தருவதைவிட அங்கே எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று, அவர்கள் சொல்லித்தருவது கீபோர்டு. உங்கள் மகள் கேட்பது பியானோ. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வாசிப்பு வேறு. கீபோர்டில் பெரும்பாலும் வலது கை மெட்டை வாசிக்கும், இடது கை கார்டு (ஒன்றாக ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடிக்கும், தாளத்தை இயந்திரமே போட்டுக்கொள்ளும். பியானோவில் தாளம், மெட்டு, பக்கத் துணை எல்லாம் இரண்டு கைகளின் பொறுப்பு. டிரினிட்டி காலேஜ் லண்டன் என்ற அமைப்பு நடத்தும் இசைத் தேர்வுகளிலேயே இரண்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் இருக்கிறது.

இரண்டாவது, அந்த 'ஒரே வருடத்தில் கிரேடு 3'. டிரினிட்டியில் இனிஷியல் என்ற தொடக்க நிலைக்குப் பிறகு 1 முதல் 8 வரை கிரேடுகள். ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு அமைப்பும் இதேபோல 8 கிரேடு வரை நடத்துகிறது. தேர்வைக் குறை சொல்லவில்லை. என் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு வருடத்தில் எட்டு வயதுக் குழந்தையை மூன்றாம் கிரேடில் உட்காரவைக்க ஒரே வழிதான் உண்டு. தேர்வுக்கான பாட்டுகளை மட்டும் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப விரலில் ஏற்றிவிடுவது. அப்படி வந்த ஒரு பையனிடம், முதல் கிரேடுக்கும் கீழான எளிய பாட்டு ஒன்றை நீட்டினேன். கையில் மூன்றாம் கிரேடு சான்றிதழ் வைத்திருந்தவனுக்கு முதல் வரியைப் படிக்கத் தெரியவில்லை. அவன் அழுதான். தப்பு அவனுடையது இல்லை. நீங்கள் பார்க்கும் ஆசிரியரிடம், முதல் வருடத்தில் தேர்வைத் தவிர எத்தனை பாட்டு வாசிப்பாள் என்று கேளுங்கள். முப்பது நாற்பது சின்னச் சின்னப் பாட்டுகள் என்ற மாதிரிப் பதில் வந்தால் மனசு நிறைந்து சேர்க்கலாம்.

பியானோ இருந்தால்தான் என்று சொன்ன ஆசிரியரை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். பழக ஒன்றும் இல்லாமல் வகுப்பு வீண் என்பது அவர் அனுபவமாக இருக்கலாம். ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு, 61 கட்டையுள்ள கீபோர்டே போதும். ஒரு நிபந்தனை, மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் பலமாக அழுத்தினால் பலமாகவும் ஒலிக்க வேண்டும். கடையில் 'டச் சென்சிட்டிவ்' என்று கேளுங்கள். 10,000 முதல் 15,000 ரூபாய்க்குள் கிடைக்கும். அண்ணன் வீட்டில் சும்மா கிடந்தால் அதையே இரவல் வாங்குங்கள். உங்கள் கணவருக்கும் நிம்மதி. ஆறு மாதம் தாண்டியும் ஆர்வம் இருந்தால், 88 கட்டைகளும் எடையோடு அழுந்தும் டிஜிட்டல் பியானோ வாங்கலாம். 40,000, 50,000 ரூபாயிலிருந்து தொடங்கும். எடையில்லாத கட்டையில் அதற்கு மேலும் பழகினால் விரலுக்கு வலு வராது. யாரோ மலிவாகத் தருகிறார்கள் என்று பழைய மரப் பியானோவுக்கு மட்டும் இப்போது ஆசைப்படாதீர்கள். உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகள். துரு, கரையான், நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் சுருங்கி விரியும் மரம், ஆறு மாதத்துக்கொரு ட்யூனிங் என்று செலவு முடியாது.

வாங்கியதைச் சாப்பாட்டு மேஜைமீது வைக்காதீர்கள். பல வீடுகளில் நான் பார்க்கும் தவறு இது. மேஜை உயரத்தோடு கீபோர்டின் உயரமும் சேர்ந்தால், குழந்தை தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கும். முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எட்டு வயதுக்குக் கால் தரையில் எட்டாது. தொங்கும் காலோடு முதுகு நேராக நிற்காது. வீட்டில் பழைய மணை இருந்தால் ஒன்றோ இரண்டோ காலடியில் போடுங்கள். விரல்களை எலுமிச்சம்பழத்தைப் பொத்திப் பிடித்த மாதிரி வளைத்து வைக்கச் சொல்லுங்கள். மற்றதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

பாட்டு டீச்சரின் கவலைக்கு வருகிறேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. சுருதியை நாம் 'ஒரு கட்டை', 'ஐந்தரைக் கட்டை' என்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் கட்டைதான். பியானோவிலும் அதே வரிசை. ஒரு கட்டை என்றால் மேற்கத்தியப் பெயரில் சி, இரண்டு டி, ஐந்து ஜி. அரைகள் எல்லாம் கறுப்புக் கட்டைகள். அந்தச் சியை ச என்று வைத்து, பாட்டின் தொடக்கப் பாடமான சரளி வரிசையை மகளை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பாடத்தின் ராகமான மாயாமாளவகௌளையின் ரியும் தவும் மட்டும் கறுப்பில் விழும்; மற்றதெல்லாம் வெள்ளை. அந்த இரண்டையும் அடுத்த வெள்ளைக்கு நகர்த்தினால் சங்கராபரண ராகம். மேற்கத்தியர் அதைத்தான் சி மேஜர் என்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு நொட்டுஸ்வரம் என்ற பாடல்களை எழுதியதும் சங்கராபரணத்தில்தான்.

குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. பாட்டில் ச எங்கே வேண்டுமானாலும் நகரும். பாடுகிறவருடைய சுருதிதான் அதன் இடம். பியானோவில் சி நகராது. ஆகவே பியானோ வகுப்பில் ஸரிகம வேண்டாம், சி, டி, ஈ என்றே சொல்லித்தரச் சொல்லுங்கள். அங்கே அந்தப் பெயர், இங்கே இந்தப் பெயர். தமிழையும் ஆங்கிலத்தையும் குழப்பாமல் பேசும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம் பியானோவில் வராது, அதற்குத்தான் பாட்டு வகுப்பு இருக்கிறதே. எதையும் நிறுத்தாதீர்கள்.

கட்டணத்தில் ஒன்று மட்டும்: மாதாமாதம் கொடுங்கள், வருடத்துக்கு மொத்தமாக வேண்டாம். விடுபட்ட வகுப்புக்கு மாற்று வகுப்பு உண்டா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இணைய வழி வகுப்பு பெரியவர்களுக்குச் சரி. எட்டு வயதில் தொடக்கமே திரையில் வேண்டாம். மணிக்கட்டு தொங்குவது கேமராவில் தெரியாது.

வீட்டில் தினமும் 15 நிமிடம், ஒரே நேரத்தில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்வது அதற்கு ஈடாகாது. பக்கத்தில் இருங்கள், திருத்தாதீர்கள். 'அந்த இடத்தை இன்னொரு தடவை வாசி, எனக்குக் கேக்கணும்' என்று சொல்லுங்கள், போதும். நடுவில் மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஒரு சலிப்பு வரும். இரண்டு கையும் சேர ஆரம்பிக்கும்போது அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது அது. உங்கள் கணவர் சொல்லும் 'மூலையில் கிடக்கும்' என்பது நடப்பது அப்போதுதான். அந்த மாதம் மட்டும் ஆசிரியரிடம் சொல்லி, அவளுக்குப் பிடித்த பாட்டு ஒன்றை எளிமையாக எழுதித்தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தாண்டிவிடுவாள்.

அப்புறம் நீங்கள். 41 ஒரு வயதே இல்லை. என்னிடம் ஓய்வுபெற்ற பிறகு வந்து சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். விரல் கொஞ்சம் மெதுவாகத்தான் இணங்கும். பெரியவர்களை நிறுத்திவிடுவது அதுகூட இல்லை, தப்பாக வாசிப்பதை யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற வெட்கம். ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், அதற்குத்தான் டிஜிட்டல் பியானோ. மகளோடு ஒரே வகுப்பில் மட்டும் உட்காராதீர்கள். அவள் உங்களை முந்துவாள், நீங்கள் தளர்வீர்கள். அல்லது நீங்கள் முந்தினால் அவள் தளர்வாள். அவள் வகுப்பு முடிந்ததும் உங்களுக்குத் தனியாக அரை மணி நேரம் கேளுங்கள்.

முதல் வகுப்புக்குக் கிளம்பும் முன் மகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். உங்களுடையதையும்.