வாரன்டி முடிந்து வரும் எதிர்காலம்

அன்புள்ள அக்காவுக்கு,

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன ஊரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வயது 37. பத்தாவது முடித்ததும் ஒரு மாஸ்டரிடம் சேர்ந்து தொழில் கற்றேன். இப்போது சொந்தக் கடை, உதவிக்கு ஒரு பையன். கார்புரேட்டர் வண்டி என்றால் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவேன். புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டி வந்தால் ஆயில், பிரேக், செயின் வேலை மட்டும்தான். இன்ஜின் கோளாறைக் காட்டும் செக் லைட் எரிந்தால் ஷோரூமுக்குப் போகச் சொல்லிவிடுவேன்.

போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சி நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பத்து வருஷம் கழித்து எப்படி இருப்பீர்கள் என்று பாருங்கள் என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் மாடி வீடு, கார் என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு மூடிக் கிடக்கும் என் கடை ஷட்டர்தான் தெரிந்தது. ஊரில் கரன்ட் வண்டி கூடிக்கொண்டே போகிறது. இன்ஜினே இல்லாத வண்டியில் எனக்கு என்ன வேலை? எதிர்காலத்தை நினைத்து முன்னேறு என்கிறார்களே, என்னைப் போன்றவன் அதை எப்படிச் செய்வது? கடையை விட்டுவிட்டு கரன்ட் வண்டி வேலை படிக்கப் போகட்டுமா? என் மகனுக்குப் பதினொரு வயது, லீவு விட்டால் கடையில்தான் கிடக்கிறான். அவனை இந்தத் தொழில் பக்கம் விடலாமா?

(பெயர் வேண்டாம் அக்கா.)

*

அன்புள்ள தம்பி,

அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எதிர்காலத்தைப் பற்றி உண்மையாக யோசித்தவர் நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் தங்கள் ஆசையைப் பார்த்தார்கள். நீங்கள் வரக்கூடிய ஒன்றைப் பார்த்தீர்கள். பயத்தோடு பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதான்.

கண்ணை மூடிக் காணும் இனிய காட்சிகளால் என்ன ஆகிறது என்று உளவியலில் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. கப்ரியேலே எட்டிங்கன், தாமஸ் வாடன் என்ற இருவர், எடை குறைக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்த பெண்களைக் கவனித்து 1991இல் எழுதினார்கள். தன்னால் முடியும் என்று நம்பியவர்களுக்கு எடை நன்றாகக் குறைந்திருந்தது. இளைத்துவிட்டதைப் போல இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கோ குறைவாகத்தான் குறைந்தது. காரியம் முடிந்துவிட்ட சுகத்தைக் கற்பனையே கொடுத்துவிட்டால் உடம்பு ஏன் எழுந்து வேலை பார்க்கப்போகிறது? எட்டிங்கன் பிறகு பல வருஷம் ஆராய்ந்து சொன்னது இதுதான்: வேண்டியதை நினைத்தவுடனேயே அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் நினைக்க வேண்டும். உங்கள் பயிற்சியாளர் முதல் பாதியோடு நிறுத்திவிட்டார்.

உங்களுடைய தடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். செக் லைட் எரிந்தால் ஷோரூமுக்கு அனுப்பிவிடுவேன் என்ற வரி.

உங்கள் பயமெல்லாம் கரன்ட் வண்டி மேல். கணக்கைப் பாருங்கள். 2024-25இல் இந்தியா முழுக்க விற்ற இரு சக்கர வண்டிகளில் மின்சார வண்டி நூற்றுக்கு ஆறு அளவுதான். மற்றதெல்லாம் பெட்ரோல். புது வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்படியென்றால் 2040 வரைக்கும் ரோட்டில் ஓடப்போகும் பெட்ரோல் வண்டிகள் இப்போதே ஓட ஆரம்பித்துவிட்டன. ஆனால் அவை நீங்கள் சத்தம் கேட்டுச் சரி செய்யும் வண்டிகள் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.5ஐயே தாண்டிக் குதித்து பி.எஸ்.6 வந்தது. சில மாடல்களில் கார்புரேட்டர் நீடித்தாலும், பெரும்பாலானவற்றில் அந்த இடத்துக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், சென்சார்கள், இவற்றை நடத்தும் சின்னக் கணினியான ஈ.சி.யு. எல்லாம் வந்துவிட்டன. அன்று வாங்கிய வண்டிகளுக்கு மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ வாரன்டி இருந்தது. அது முடிந்து, ஷோரூம் கூலி கட்டுப்படியாகாமல், பக்கத்தில் ஒரு நல்ல மெக்கானிக் கிடைப்பாரா என்று ஜனங்கள் தேடும் காலம் சரியாக இதுதான். உங்களைத் தேடி வருகிறார்கள். நீங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

எதிர்காலத்தைப் பார்ப்பது என்று நான் சொல்வது இந்த மாதிரிக் கணக்கைத்தான். இந்த வருஷம் ஷோரூமில் எது விற்கிறது என்று விசாரித்து, அதோடு வாரன்டி வருஷத்தைக் கூட்டிப் பாருங்கள். அது உங்கள் கடை வாசலுக்கு வரும் தேதி கிடைத்துவிடும். கரன்ட் வண்டிக்கும் இதே கணக்குத்தான். கனவு காணத் தெரியாதவர்கூட இதைச் செய்துவிடலாம். ஊருக்கு ஊர் அளவு மாறும், அதனால் உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே விசாரித்துப் போடுங்கள்.

இந்தத் தொழில் இப்படி மாறுவது முதல் தடவையும் இல்லை. இன்ஜினில் தீப்பொறி கொடுத்த பாயிண்ட் செட் போய், அதே வேலைக்கு மின்னணு முறையான சி.டி.ஐ. வந்தபோது உங்கள் மாஸ்டரின் தலைமுறை திண்டாடித்தான் இருக்கும். 2019இல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. இன்னொரு பக்கம், யமஹாவின் ஆர்.எக்ஸ். 100 பைக் உற்பத்தி 1996இலேயே நின்றுவிட்டது, இன்றும் அதை ட்யூன் செய்யத் தெரிந்தவரைத் தேடி ஆள் வருகிறது. ஆகவே கார்புரேட்டர் காது வீணாகிவிடும் என்று கவலை வேண்டாம். அது மட்டுமே போதும் என்று இருந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

கடையை விட வேண்டாம். பீட்டர் கோல்விட்சர் என்ற இன்னொரு உளவியலாளரின் யோசனை ஒன்றை உங்களுக்கேற்ப மாற்றித் தருகிறேன். "முன்னேற வேண்டும்" என்று பொதுவாக முடிவெடுக்காமல், இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முடிவெடுக்கச் சொல்கிறார். உங்களுக்கு அது: செக் லைட் எரிந்த வண்டி வந்தால், ஷோரூமுக்கு அனுப்பும் முன் கோளாறு எண்ணை, அதாவது எர்ரர் கோடை, படித்து நோட்டில் எழுதுவேன். சில கம்பெனி வண்டிகளில் அதற்கு ஸ்கேனர்கூட வேண்டாம், லைட் நீளமாகச் சிமிட்டினால் பத்து, குட்டையாகச் சிமிட்டினால் ஒன்று என்று எண்ணினாலே கோடு தெரிந்துவிடும். ஆரம்பத்தில் சரி செய்யாவிட்டாலும் பரவாயில்லை. ஷோரூமில் என்ன மாற்றினார்கள் என்று வண்டிக்காரரிடம் கேட்டு அதையும் அந்தக் கோடுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். வயர்களை இணைக்கும் கப்ளரில் தண்ணீர் போனது, எலி வயரைக் கடித்தது, பேட்டரி இறங்கியது என்று பாதிக் கோளாறு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும். மல்ட்டிமீட்டர் கைக்குப் பழகிவிட்டால் பிறகு ஸ்கேனர் வாங்குங்கள்.

இதில் கஷ்டமான பகுதி வேறு. உங்கள் கடைப் பையன் இந்தக் காலத்துப் பிள்ளை. போனில் வயரிங் படத்தைத் தேடி எடுப்பது, ஸ்கேனரின் ஆங்கில மெனுவைப் புரட்டுவது எல்லாம் உங்களைவிட அவனுக்குச் சீக்கிரம் வரும். மாஸ்டர் என்று கூப்பிடுகிறவனிடம், வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இது என்னடா, சொல்லு" என்று கேட்க வேண்டியிருக்கும். நம் பட்டறைகளில் வித்தை மேலிருந்து கீழாகத்தான் வந்திருக்கிறது, அதுவும் திட்டும் அடியும் சேர்ந்து. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். பதிலுக்கு நீங்கள் அவனுக்கு இன்ஜின் வால்வுக்குச் சரியான இடைவெளி, அதாவது வால்வு கிளியரன்ஸ், வைக்கக் கற்றுக்கொடுங்கள், அது எந்தப் போனிலும் கைக்கு வராது. தொழிலில் வளர்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கூச்சத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. திறமை இருந்தும் நின்றுபோன பலர் இங்கேதான் நின்றிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எஃப்.ஐ., அதாவது இன்ஜெக்டர் வண்டி, பழகியவருக்குக் கரன்ட் வண்டி அவ்வளவு அந்நியமாக இருக்காது. அதிலும் சென்சார், கப்ளர், வயரிங் உண்டு. டயர், பிரேக், ஃபோர்க், கோன் செட் எல்லாம் பழைய வேலைதான். பேட்டரி பேக்கை மட்டும் பயிற்சி இல்லாமல் தயவுசெய்து திறக்காதீர்கள். 2022இல் அடுத்தடுத்து வண்டிகள் தீப்பிடித்த பிறகுதான் அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. லித்தியம் செல்லில் ஷார்ட் ஆனால் யோசிக்க நேரம் கிடைக்காது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளில் இது இருக்கிறதா என்று விசாரியுங்கள். படிக்காமல் கையால் கற்ற தொழிலுக்குச் சோதனை வைத்துச் சான்றிதழ் தரும் மத்திய அரசின் ஏற்பாடும் உண்டு, அதையும் கேளுங்கள். பத்தாவதுதான் என்று தயங்க வேண்டாம்.

உங்கள் கையில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. கம்பெனிகள் சாஃப்ட்வேரையும் உதிரிப் பாகங்களையும் பூட்டி வைத்துக்கொண்டால் வெளி மெக்கானிக் எவ்வளவு கற்றாலும் வாசலில்தான் நிற்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது, வாகனங்களும் அதில் வருகின்றன. அது போதாது, சட்டமாக வர வேண்டும். உங்கள் ஊர் மெக்கானிக் சங்கம் இதைக் கேட்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மகன் விஷயம். பதினொரு வயதில் அவனுக்காக எதையும் முடிவு செய்ய வேண்டாம். படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். லீவில் கடைக்கு வருகிறவனைத் துரத்தாதீர்கள், வேலை வாங்கவும் வேண்டாம். கோடு எழுதும் அந்த நோட்டை அவனிடம் காட்டுங்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். தெரியாததை அவனோடு சேர்ந்தே தேடுங்கள்.

அன்புடன்,
அக்கா