வாசகர் கேள்வி–பதில்: எண்ணும் எண்ணெயும்

கேள்வி: 1960-களில் தயாரான பெட்ரோல் கார் ஒன்றை நானே சீரமைத்து வருகிறேன். வார்ப்பிரும்பு இன்ஜினைக் கழற்றி வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். வெப்பம் தாங்கும் ஸ்பிரே பெயிண்ட் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்றின் மீது 500 டிகிரி என்றும், மற்றொன்றின் மீது 1200 டிகிரி என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். முன்பு பூசிய பெயிண்ட், கார்புரேட்டருக்குக் கீழே பிளாக்கின் (சிலிண்டர்கள் அடங்கிய இன்ஜினின் முக்கிய உடல்) பக்கவாட்டில், ஓராண்டுக்குள் பட்டை பட்டையாக உரிந்துவிட்டது. எக்ஸாஸ்ட் குழாய் இருப்பது இன்ஜினின் மறுபக்கத்தில். இந்த முறை 1200 டிகிரி பெயிண்டையே முழு இன்ஜினுக்கும் பூசிவிடலாமா?

பதில்: வேண்டாம். எக்ஸாஸ்ட் மறுபக்கம் இருக்கும்போது, கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் பக்கவாட்டுப் பகுதி இன்ஜினின் சூடான இடங்களில் ஒன்றன்று. அங்கே மட்டும் பெயிண்ட் உரிந்திருக்கிறது என்றால், வெப்பத்தைவிடக் கார்புரேட்டரிலிருந்து கசிந்து வழிந்த பெட்ரோலின் மீதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. பழைய கார்களின் கார்புரேட்டர் சிறிதும் கசியாமல் இருப்பது அரிது. எனவே பெயிண்ட் வாங்குவதற்கு முன் அந்தக் கசிவைச் சரிசெய்யுங்கள்.

கேன் மீதுள்ள எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை பெரும்பாலும் ஃபாரன்ஹீட் கணக்கில் இருக்கும். 500 என்பது ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ். 1200 என்பது ஏறத்தாழ 650. தண்ணீரால் குளிரும் இன்ஜினில், உள்ளே ஓடும் நீர் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையில்தான் இருக்கும். பிளாக்கின் வெளிப்புறமும் அதைவிட வெகுதூரம் போவதில்லை. ஆகவே பிளாக், சிலிண்டர் ஹெட், ஆயில் சம்ப், வால்வு மூடி ஆகியவற்றுக்கு 260 டிகிரி தாராளம். சிலிண்டர்களின் புகையைத் திரட்டி எக்ஸாஸ்ட் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கதை வேறு. அது சாதாரண ஓட்டத்திலேயே பல நூறு டிகிரிக்குப் போகும்; அதற்கு மட்டும்தான் அந்தப் பெரிய எண் தேவை.

‘தேவைக்கு மேல் தாங்கினால் நல்லதுதானே’ என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 1200 டிகிரி வகை பெயிண்ட் சிலிக்கோன் பிசினால் ஆனது. சாதாரண எனாமல் கருகிவிடும் வெப்பத்திலும் அந்தப் பிசின் நிலைத்து நிற்கும் என்றாலும், அது முழுமையாக இறுகுவதற்கே சூடேற வேண்டும். பல தயாரிப்புகள் படிப்படியாக 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கச் சொல்கின்றன. பிளாக் அந்த வெப்பத்தை ஒருநாளும் எட்டப்போவதில்லை. எனவே பெயிண்ட் அரைகுறையாகவே இறுகி நிற்கும்; நகத்தால் கீறினாலே கோடு விழும், ஒரு சொட்டு பெட்ரோல் பட்டாலே இளகிவிடும். பிளாக்கைப் பொறுத்தவரை பெரிய எண்ணைக் காட்டும் கேன்தான் மட்டமான தேர்வு. ‘இன்ஜின் எனாமல்’ என்று பெயரிட்டு, பெட்ரோலையும் எண்ணெயையும் தாங்கும் என்று வெளிப்படையாகச் சொல்லும் வகையை வாங்குங்கள்.

அடியிலுள்ள பொத்தானை அழுத்தி உள்ளேயே கடினமாக்கியைக் கலந்துகொள்ளும் இரட்டைக் கலவைக் கேன்களும் உண்டு. பெட்ரோலைத் தாங்குவதில் ஒற்றைக் கலவை அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் அந்த இரட்டைக் கலவைக் கேன்களில் பெரும்பாலானவற்றில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போனால் நாள்பட்ட ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. தூசிக்குக் கட்டும் முகமூடி அதைத் தடுக்காது. தயாரிப்பாளர் குறிப்பிடும் சுவாசக் கவசம் இல்லாதவர் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது என் கருத்து.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பழைய இன்ஜின்களுக்குத் தொழிற்சாலை நிறம் என்று ஒன்று இருந்தது. ஷெவ்ரலே வி8 இன்ஜின்களை ஆரஞ்சு நிறத்தால் அடையாளம் காண்பார்கள். ஃபோர்டு 1966 முதல் தன் அமெரிக்க இன்ஜின்களுக்கு ஒரே நீலத்தைப் பூசியது. பழைய பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன், ஏதாவது ஒரு பிராக்கெட்டுக்கு அடியில் வெயிலும் எண்ணெயும் படாமல் தங்கியிருக்கும் அசல் நிறத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

கேள்வி: பெயிண்ட் அடிப்பதற்கு முன் இன்ஜினைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் போதுமா? எந்தெந்த இடங்களை மறைக்க வேண்டும்?

பதில்: போதாது, ஆபத்தும் கூட. பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் என்பது ஒருபுறம் இருக்க, அது காய்ந்தபின் மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும் விட்டுச் செல்லும். வார்ப்பிரும்பின் மேற்பரப்பு சொரசொரப்பானது. பல ஆண்டு எண்ணெய் அதன் நுண்குழிகளுக்குள் தங்கியிருக்கும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் டிகிரீசர் தெளித்து, கம்பி பிரஷால் தேய்த்து, நீரால் கழுவுங்கள். ஒரு முறை அல்ல, கழுவும் நீர் தெளிவாக வரும் வரை. பிறகு சூடான காற்றால் உலர்த்துங்கள், ஏனெனில் ஈரமான வார்ப்பிரும்பில் சில நிமிடங்களிலேயே மெல்லிய துரு படர்ந்துவிடும். உலோகம் கைக்கு இதமான சூட்டில் இருக்கும்போது அடைபட்ட எண்ணெய் மேலே கசிந்து வருவதைப் பார்ப்பீர்கள். அதைக் கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே திரும்பும் வரை அதையே செய்யுங்கள். குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரை மட்டும் சூடான உலோகத்தின் அருகே கொண்டுபோகாதீர்கள். கடும் வெப்பத்தில் அது நச்சுவாயுவாகச் சிதையும்.

உங்கள் இன்ஜினில் அலுமினியப் பாகங்கள் இருந்தால், காஸ்டிக் வகைக் கழுவிகள் அவற்றை அரித்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அலுமினியத்தில் பெயிண்ட் எளிதில் ஒட்டாது. அதற்கான பிரைமர் (அடிப்பூச்சு) வேண்டும். அந்தப் பிரைமரும் சூட்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியிலிருந்து எல்லாமே கழன்று வரும். முழுதாக இணைத்த இன்ஜினை மணல் வீசிச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு சிட்டிகை மணல் பேரிங்குக்குள் போனாலே இன்ஜினின் ஆயுள் முடிந்தது.

மறைப்பதற்கு வருவோம். கேஸ்கெட் (பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் பரப்புகள், ஸ்பார்க் பிளக் துளைகள், எண்ணெய் மற்றும் நீர் வழிகள், மரைகள், பெல்ட் ஓடும் புல்லியின் பள்ளம், ரப்பர் பாகங்கள் ஆகியவற்றை மாஸ்கிங் டேப்பாலும் கார்க்காலும் அடைத்துவிடுங்கள். பலரும் மறப்பது எர்த் கம்பி இணையும் இடத்தையும் ஸ்டார்ட்டர் மோட்டார் உட்காரும் முகத்தையும்தான். அங்கே பெயிண்ட் படிந்தால் மின்சாரம் திரும்பும் வழி அடைபட்டு, ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே சுற்றும். பழுதைத் தேடி நீங்கள் பேட்டரியை மாற்றுவீர்கள். இன்ஜின் எண் பொறித்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அதன் மேல் கனமாகவும் பூசாதீர்கள். அந்த எண் வாசிக்க முடியாமல் போனால் காரின் ஆவணங்களுக்கே சிக்கல்.

கேள்வி: இரண்டாவது கோட் அடித்ததும் முதல் கோட் சுருங்கி, தோல் போலச் சுருக்கம் விழுந்துவிட்டது. கேன் பழுதா?

பதில்: கேன் மீது பழி இல்லை, நேரம்தான் தவறியது. எனாமல் மேலிருந்து கீழாகக் காய்கிறது. மேல்தோல் இறுகி, உள்ளே இன்னும் ஈரமாக இருக்கும் நேரத்தில் அடுத்த கோட்டை அடித்தால், அதிலுள்ள கரைப்பான் அந்தத் தோலை ஊற வைத்து உப்பச் செய்துவிடும். எனவேதான் பல கேன்களில் ‘ஒரு மணி நேரத்துக்குள் அடியுங்கள், இல்லையேல் சில நாள் காத்திருங்கள்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும் என்பதால் அந்தச் சிறிய எழுத்துகளைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சுருங்கிய பகுதி நன்றாக இறுகும் வரை விட்டு, தேய்த்துச் சமப்படுத்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

உள்ளே உருளும் குண்டின் ஓசை கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் கேனைக் குலுக்குங்கள். 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுமாறு கையை நகர்த்துங்கள். முதல் கோட் அடியிலுள்ள உலோகம் தெரியும் அளவுக்கு மெல்லியதாகவே இருக்கட்டும்; மூன்று மெல்லிய கோட்டுகள் செய்வதை ஒரு கனமான கோட் செய்யாது. மழைநாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: பெயிண்ட் அடித்தால் இன்ஜின் அதிகம் சூடாகுமா? கறுப்பு நிறம் பூசினால் குளிர்ச்சியா?

பதில்: இரண்டும் இல்லை. மூன்று கோட் பெயிண்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. வெப்பத்தைப் பெரும்பாலும் ரேடியேட்டரும் எக்ஸாஸ்டும் வெளியேற்றுகின்றன. பிளாக்கின் நிறம் அதில் கணக்கில் வராது.

கேள்வி: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பூசிய சிலிக்கோன் பெயிண்டை, இன்ஜினை ஓடவிட்டே இறுகச் செய்யலாம் என்கிறார்களே?

பதில்: ஏற்கெனவே ஓடிப் பழகிய இன்ஜின் என்றால் செய்யலாம். சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டு, ஆறவிட்டு, அடுத்த முறை இன்னும் நீண்ட நேரம் ஓடவிட வேண்டும். முதல் சூட்டில் புகையும் நாற்றமும் வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள். புதிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட பழைய வகை இன்ஜினுக்கு இந்த முறை பொருந்தாது. தட்டையான டேப்பெட் (கேம் அழுத்தித் தள்ளும் பாகம்) உள்ள இன்ஜினை முதல் முறை கிளப்பியதும், ஐட்லிங்கில் (மிகக் குறைந்த வேகத்தில்) விடாமல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்று வேகத்தில் சுமார் 20 நிமிடம் ஓட்டுவதுதான் வழக்கம். பெயிண்டுக்காக மெதுவாக ஓடவிட்டால் கேம் தேய்ந்துபோகும். எனவே மேனிஃபோல்டைப் பொருத்துவதற்கு முன்பே, சமையலுக்குப் பயன்படுத்தாத சூட்டடுப்பு (ஓவன்) ஒன்றில் வைத்து, கேன் சொல்லும் படிகளில் சூடாக்கி இறுகவைத்துவிடுங்கள். வழக்கமான படிகள் 120, 205, 315 டிகிரி செல்சியஸ், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இடையில் ஆறவிடுதலோடு. மேனிஃபோல்டுக்கு அடியில் பிரைமர் எதுவும் வேண்டாம். துரு நீக்கிய வெற்று உலோகத்தின் மீதே பூசலாம்.