பொட்டாசியம் 5.7: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 61. பல வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறேன். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.7 என்று வந்திருக்கிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. இது அபூர்வமான பிரச்சினையா? யாருக்கெல்லாம் வரும்?

பதில்: பொதுவாகப் பார்த்தால் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் பொட்டாசியம் அதிகமாக இருக்கும். ஆனால், அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் சுமார் 90 சதவீதத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது நன்றாக வேலை செய்பவருக்கு, உணவால் மட்டும் அளவு கூடுவது அரிது. நாள்பட்ட சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு, நீண்டகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம்தான் இதை அடிக்கடி பார்க்கிறோம். முதியவர்களிடமும் அதிகம். அட்ரீனல் சுரப்பிக் குறைபாடும் ஒரு காரணம்தான், ஆனால் அது அபூர்வம்.

மாத்திரைகளுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. டெல்மிசார்டான், லோசார்டான், எனாலாபிரில், ராமிபிரில், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாமே பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைப்பவை. இவற்றோடு மூட்டுவலிக்கு என்று டைக்ளோஃபினாக்கோ இபுபுரூஃபெனோ சேர்ந்தால் நிலைமை மோசமாகும். மருந்து விவரம் கேட்டால், கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரையைப் பலர் சொல்வதே இல்லை. நீங்கள் அவசியம் சொல்லுங்கள். அதற்காக டெல்மிசார்டானை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது உங்கள் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு தரும் மருந்து. அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சரி, ரிப்போர்ட்டே தப்பாக இருந்தால்? அதற்கும் வாய்ப்புண்டு. உடலின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது. கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரிக்கச் சொல்லி ரத்தம் எடுத்தாலோ, குழாய்க்குள் சிவப்பணுக்கள் உடைந்தாலோ அது வெளியே கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். அதனால் இரண்டு மூன்று நாளுக்குள் மறுபடி பரிசோதனை செய்யுங்கள். கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் பார்த்துவிடுங்கள்.

தொந்தரவு இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே அளவு ஏறும். சாதாரண அளவு 3.5 முதல் 5 வரை. 6.5-ஐத் தொட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு, உடனே மருத்துவமனையில் சேர வேண்டும். மறுபரிசோதனைக்கு முன்பே தசைகள் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்புக்கு மாறியிருக்கிறீர்களா? அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். இருந்தால், மருத்துவரைப் பார்க்கும்வரை அதை ஒதுக்கி வையுங்கள்.